புகை வராத குழாய்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம், குற்றாலத்தில் நடந்தது இது. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு சின்னத் தெரு. அதில் கடைசி வீடு என்னுடையது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு. இன்னொரு பக்கம் ஒரு லாட்ஜ். சீசன் மூன்று மாதமும் அங்கே கூட்டம் நெரியும், மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும்.

அந்த ஆடியில் நான் செத்திருக்க வேண்டியவள். அதைக்கூட மன்னித்துவிடலாம். எதனால் சாகிறேன் என்பதையே தப்பாகக் கண்டுபிடித்து, அதற்கு நானே மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தேன் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் நான் முப்பத்தோரு வருடம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்தவள். சுரண்டைப் பக்கத்து ஊர்களில் பாதிப் பேருக்கு என் கையால் மாத்திரை போயிருக்கிறது. "தலைவலின்னா எதனாலன்னு யோசிக்கணும், சும்மா மாத்திரையைப் போட்டு அமுக்கக் கூடாது" என்று ஜன்னல் வழியாக எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருப்பேன்!

என் வீட்டுக்காரர் போலீஸில் தலைமைக் காவலராக இருந்தவர். அவர் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன், ஓசூரில் வேலை. ஆக, நாலு அறை வீட்டில் நான் ஒருத்தி. பகலில் பேச ஆளில்லாமல் டி.வி.யைப் போட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு திரிவேன். செய்தி வாசிக்கிற பெண் "வணக்கம்" என்றால் நானும் "வணக்கம்" என்பேன். சிரிக்காதீர்கள், தனியாக இருப்பவர்கள் எல்லோரும் இப்படி ஏதோ ஒன்று செய்வார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக் குளிரை, இரண்டு நாள் அருவியில் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அது சுகம். இங்கேயே இருப்பவர்களுக்கு, பாயில் ஈரம், தலையணையில் ஈரம், உப்பு ஜாடியில் தண்ணீர், கொடியில் போட்ட சேலை நாலு நாளானாலும் காயாது. காற்று வேறு செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பிடுங்கிக்கொண்டு வரும். எங்காவது ஒரு மரம் கம்பியில் விழும், கரண்ட் போய்விடும். கீசர் இருக்கிறதுதான், மகன் வாங்கிப் போட்டது. கரண்ட் இல்லாமல் அது சுவரில் ஒட்டின டப்பா.

அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் விறகு பாய்லர்தான். பின்பக்கம் குளியலறையிலேயே ஒரு மூலையில் நிற்கும். செம்புப் பாத்திரம், அதன் நடுவில் ஒரு குழாய், அடியில் தீ. புகை அந்தக் குழாய் வழியாக ஏறி, தகரக் குழாய்க்குப் போய், கூரைக்கு மேலே வெளியே போகும். கதம்பை என்று நாங்கள் சொல்லும் தேங்காய் மட்டையும் சிரட்டையும் தோப்பிலிருந்தே வந்துவிடும். காலையில் மூட்டினால் குளிக்க வெந்நீர் ஆச்சு, அறையும் கதகதவென்று இருக்கும். அவர் போன பிறகு எனக்கு அந்த வீட்டிலேயே பிடித்த இடம் அந்தக் குளியலறை என்று ஆகிவிட்டது. குளித்து முடித்த பிறகும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கொடியில் ஈரத் துணியைப் போட்டு, தணல் சூட்டில் முழங்காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பேன். மனுஷ வாடை இல்லாத வீட்டில் அந்தச் சூடுதான் எனக்குத் துணை.

அந்த வருடம் குரங்குத் தொல்லை தாங்கவில்லை. குற்றாலத்துக் குரங்குக்கு எதைப் பிடுங்கலாம் என்பதுதான் முழுநேர வேலை. புகைக் குழாயின் உச்சியில் மழை இறங்காமல் இருக்க ஒரு தொப்பி உண்டு. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டன. மறுபடி மாட்டினேன், மறுபடி பிடுங்கின. மூன்றாவது தடவை தொப்பியை லாட்ஜ் வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்திருந்தன. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தென்காசிக்குப் போய் ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலைக் கம்பி வாங்கிவந்தேன். ஒரு பிளம்பரை ஏற்றிவிட்டு, தொப்பியோடு சேர்த்துக் குழாய் வாயையும் அதால் சுற்றிக் கட்டச் சொன்னேன்.

அவர் மேலேயிருந்து, "புகை போகணுமேம்மா, இவ்ளோ நெருக்கமான வலையாக்கும்" என்றார்.

"கொசுவே போகாதுன்னா குரங்கு எப்படிப் பிடுங்கும்? ரெண்டு மடிப்பாக் கட்டுங்க" என்று கீழேயிருந்து நான் உத்தரவு போட்டேன். அவரும் கட்டிவிட்டு இறங்கினார். குரங்குகள் வந்து பார்த்தன, இழுத்தன, தோற்றுப் போயின. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைக் கேட்காதீர்கள்.

ஒரு வாரம் ஆகியிருக்கும், தலைவலி தொடங்கிற்று. நெற்றியை இறுக்கிக் கட்டின மாதிரி. கூடவே குமட்டல், கால் துவண்டு போகும். காலையில் குளித்து முடிக்கும்போது ஆரம்பித்து மத்தியானம் வரைக்கும் படுத்தும். பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. கொரோனா சமயத்தில் வாங்கின ஆக்சிமீட்டர் கிடந்தது, விரலில் மாட்டிப் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு காட்டியது. சர்க்கரையும் இல்லை. பாராசிட்டமால் போட்டேன். வாயுவாக இருக்குமோ என்று அதற்கும் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், வெளியே போனால் தலைவலி போய்விடும். பேங்குக்குத் தென்காசி போனேன், ஒன்றுமில்லை. சுரண்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம், இரண்டு நாள் தங்கினேன், இரண்டு நாளும் கல்லைத் தின்றாலும் செரிக்கும்போல இருந்தது. வாயோயாமல் பேசினேன், சிரித்தேன், இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கினேன். திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே பழையபடி தலை வெடித்தது.

உட்கார்ந்து யோசித்தேன். ஆட்களோடு இருந்தால் நன்றாக இருக்கிறேன். வீட்டில் தனியாக இருந்தால் நோய். அப்படியானால் நோய் எது? விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். தனிமைதான் என்னைத் தின்கிறது. அவர் இல்லாத வீடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இப்படி முடிவு கட்டின அன்று ரொம்ப அழுதேன். நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டால் ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதியும் அந்த அழுகையில் இருந்தது.

மகனுக்குப் போன் பண்ணினேன். அவன் ரொம்ப நாளாகக் காத்திருந்தவன். "நான் சொன்னேம்லாம்மா. ஒத்தையில அந்த வீட்டுல கெடந்தா இப்படித்தான் இழுத்துட்டுப் போவும். பூட்டிட்டு இங்கன வந்துரு" என்றான். நானும் சரி என்றேன். முப்பது வருடம் வாழ்ந்த வீடு, அவர் கையால் கொத்தனாரோடு நின்று கட்டின வீடு. வாடகைக்கு விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், ஆடியில் வீடு மாறக் கூடாது, ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளையும் எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும் என்று, இன்னும் அதிக நேரம் அந்தக் கதகதப்பான குளியலறையிலேயே போய் உட்கார ஆரம்பித்தேன்.

இங்கே லாட்ஜ்க்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாட்ஜ் அவளுடையது இல்லை. சீசனுக்கு வேலைக்கு வந்தவள், வடகரைப் பக்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். விடிவதற்கு முன்னால் லாட்ஜ் பாய்லரை மூட்டி அறை அறையாக வெந்நீர் கொடுப்பது, அப்புறம் படுக்கை விரிப்பையெல்லாம் துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுவது அவள் வேலை. சாரல் காற்றில் வாரத்துக்கு இரண்டு விரிப்பாவது பறந்து என் முற்றத்தில் வந்து விழும். அந்தச் சீசன் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

"இந்தாம்மா, ஒங்க லாட்ஜ் அழுக்கை எல்லாம் எங்க வீட்டுலதான் கொண்டு போடணுமா?" என்று நான் கத்துவேன்.

"காத்து போடுதுக்கா, நானா போடுதேன்?" என்று அவள் மாடியிலிருந்து கத்துவாள்.

நான் விரிப்பைச் சுருட்டி மதில்மேல் வீசுவேன். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. முந்தின நாளிலிருந்தே கரண்ட் இல்லை. காற்று ஊளையிட்டது. குளியலறை வென்டிலேட்டர் வழியாகச் சாரல் உள்ளே தெளித்ததால் அதில் ஒரு சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தேன். வழக்கம்போல மட்டையைப் போட்டு மூட்டினேன். ஒரே புகை, கண் எரிச்சல். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். காற்று மேலேயிருந்து அமுக்குகிறது, மட்டை ஈரம் என்று அதற்கும் நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். மூட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன். புகை அடங்கி, சிரட்டை எல்லாம் தணலாகச் சிவந்த பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆபத்து இல்லை என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

தலைக்குக் குளித்தேன். சேலையைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தலை இடித்தது. பேப்பரில் எழுத்து நகர்ந்தது. அப்புறம் வலி மெல்ல மெல்ல எங்கோ தள்ளிப் போய், ஒரு தூக்கம் வந்தது. அப்படி ஒரு தூக்கம் அவர் போன பிறகு எனக்கு வந்ததே இல்லை. கழுத்தைச் சாய்த்துக்கொண்டேன். இப்படியே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அது நன்றாக நினைவிருக்கிறது.

அப்போதுதான் கதவை யாரோ இடித்தார்கள். குளியலறைக்குப் பின்முற்றத்துப் பக்கமும் ஒரு கதவு உண்டு, அந்தக் கதவை.

"யக்கா! ஏ அக்கா! கதவைத் தொறங்க! உள்ள இருக்கீயளா?"

மாடிக் குரல். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. விரிப்பு விழுந்திருக்கும், அதை எடுக்க இவளே மதிலேறிக் குதித்துவிட்டாள், குளிக்கிற இடத்துக் கதவை வந்து இடிக்கிறாள், என்ன திமிர் என்று. உண்மையைச் சொல்கிறேன், உயிர் பிழைக்க நான் எழுந்திருக்கவில்லை. சண்டை போடத்தான் எழுந்தேன். எழுந்தால் முழங்கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. தரையில் மடிந்து விழுந்தேன். வாயைத் திறந்து திட்டலாம் என்றால் நாக்கு புரளவில்லை. ஈரத் தரையில் கையை ஊன்றி ஊன்றி நகர்ந்துபோய், கீழ்த் தாழ்ப்பாளை இழுத்தேன். நல்லவேளை, மேல்தாழ்ப்பாள் துருப்பிடித்து, அதைப் போடுவதை விட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. கதவு என்மேலேயே திறந்தது.

என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து அவள் வெளியே இழுத்துப் போட்டது தெரிந்தது. முகத்தில் சாரல் விழுந்தது. "மூச்சு விடுங்கக்கா, நல்லா இழுத்து விடுங்க" என்று முதுகில் அறைந்தாள். வாந்தி எடுத்தேன். அவள் மாராப்பால் என் வாயைத் துடைத்தாள். அந்த நிலைமையிலும் நான் கேட்டது இதுதானாம், அவள் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "ஒன் விரிப்பு எங்கட்டி கெடக்கு?"

லாட்ஜில் ஆள் இறக்க வந்த ஆட்டோவை நிறுத்தி, என்னை ஏற்றி, தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். நர்ஸ் ஒரு தாளோடு வந்து, "கூட யாரு இருக்கா?" என்று கேட்டாள். என்ன சொல்ல? ஓசூர் எட்டு மணி நேர தூரம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் படுத்திருந்ததுபோல அந்தச் சீசன் முழுக்க எதுவும் என்னைக் குத்தவில்லை.

"நான் இருக்கேன். தங்கச்சி" என்றாள் அவள். நர்ஸ் அவள் பேரை எழுதிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கும் அவள் பேர் தெரிந்தது.

டாக்டர் சின்னப் பெண். என் மகனைவிட இளையவள். "வீட்டுல விறகோ கரியோ எரிச்சீங்களா? ஜன்னல் மூடியிருந்துதா? தலைவலி எத்தனை நாளா?" என்று மூன்றே கேள்விதான் கேட்டாள். நான் மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டதை மூன்று கேள்வியில் முடித்துவிட்டாள். கார்பன் மோனாக்சைடு. டிப்ளமோ பரீட்சையில் அதைப் பற்றி எழுதி நான் முழு மார்க் வாங்கியிருக்கிறேன். நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும் என்று மனப்பாடமாக எழுதினவள், அதைத்தான் தினம் காலையில் முழங்காலுக்கு இதமாக இருக்கிறது என்று சுவாசித்துக்கொண்டிருந்தேன்.

"ஆக்சிமீட்டர்ல தொண்ணூத்தெட்டு காட்டிச்சே டாக்டர்" என்றேன், கடைசி முயற்சியாக.

"அந்த மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா. ஆக்சிஜனா விஷமான்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது" என்றாள்.

நான் மருந்தாளுநர் என்று அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

மகன் அன்று இரவே கிளம்பி வந்து, திட்டி, அழுது, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். "ஆவணி வரைக்கும் அந்த பாய்லரைத் தொடாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அவன் பஸ் ஏறின மறுநாள் வெயில் அடித்தது. மத்தியானம் லாட்ஜ் வேலை முடிந்ததும் அவள் வந்தாள், மதிலேறி இல்லை, வாசல் வழியாக. கையில் ஒரு நீளக் கயிறு.

"வாங்க, அந்தக் கொழாயப் பாத்துருவோம். இத்தன வருசத்துல எப்பமாவது சுத்தம் பண்ணிருக்கீயளா?"

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. பாய்லர் விவகாரம் அவருடையது. நான் ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவள், வெந்நீர் தயாராக இருக்கும், குளிப்பேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலசமயம் அவர் பனியனோடு கூரையிலிருந்து இறங்கிவருவார். மூஞ்சியெல்லாம் கரி. படியில் காலடித் தடம் வரிசையாகக் கறுப்பாக விழுந்திருக்கும். "இப்பந்தானே கழுவிவிட்டேன், கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று நான் கத்துவேன். அவர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவந்து படியைக் கழுவுவார். என்ன செய்துவிட்டு இறங்குகிறார் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அவர் போன இரண்டு வருடத்தில் அந்தக் குழாய்க்குள் ஒரு கை போகவில்லை.

அவள் கூரை ஏறினாள். முதலில் வலையை வெட்டி எடுத்துக் கீழே போட்டாள். அது வலையாகவே இல்லை. கருகின அப்பளம் மாதிரி இருந்தது. ஈர மட்டைப் புகையின் பிசின் ஒவ்வொரு துளையிலும் தார்போல உறைந்து மூடியிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

"குரங்குக்குப் பயந்து ஒங்க கழுத்தையே நெரிச்சிருக்கீய" என்றாள் மேலேயிருந்து.

பிறகு எனக்கு வேலை சொன்னாள். பாய்லர் நன்றாக ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள். சாம்பலை வாரி இரும்புச் சட்டியில் போடச் சொன்னாள். "உள்ளுக்குள்ள கங்கு கெடக்கும், பிளாஸ்டிக் வாளியில போட்டிராதீய" என்றாள். தீ வாயை ஈரச் சாக்கால் மூடி, மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். கயிற்றின் நுனியில் ஒரு கல், அதற்கு மேலே குழாய் அகலத்துக்கு மட்டை நாரைப் பந்தாகக் கட்டியிருந்தாள். அதைக் குழாய்க்குள் இறக்கி, ஏற்றி, இறக்கி, ஏற்றித் தேய்த்தாள். உள்ளே பொலபொலவென்று கொட்டுகிற சத்தம். சாக்கை எடுத்துப் பார்த்தால் அரைவாளி கரி. செதில் செதிலாக, சில துண்டு உள்ளங்கை அகலம். தகரக் குழாய் வளைகிற இடத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அதற்குள்ளேயும் கையை விட்டு வழித்தாள். தொப்பியைத் திரும்ப வைத்து, கோழிக்கூண்டுக்கு அடிக்கிற பெரிய கண் வலையால் சுற்றி, முறுக்குக் கம்பியால் நாலு பக்கமும் இறுக்கினாள். கடைசியில் இறங்கிவந்து ஒரு காகிதத்தைக் கொளுத்தித் தீ வாயில் காட்டினாள். சுடர் அப்படியே உள்ளே சாய்ந்து இழுபட்டது.

"பாத்தீயளா, இழுக்குது. இது இழுக்காம நின்னா மூட்டவே கூடாது. வென்டிலேட்டர்ல இனிமே சாக்கு கீக்கு வச்சீயன்னா நானே வந்து அடிப்பேன். சாரல் வந்தா வரட்டும், நனைஞ்சா துடைச்சுக்கிடலாம்."

இரண்டு பேரும் முற்றத்தில் கரி பிடித்த கையோடு உட்கார்ந்தோம். டீ போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் கேட்டேன், அன்றைக்கு எப்படி வந்தாய் என்று. விரிப்பு எதுவும் விழவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்திருந்தது.

அவள் டீயை ஊதிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "தெனமும் பாப்பேன்க்கா. ஆறரை ஆச்சுன்னா ஒங்க கொழாயில புகை வரும். சரி, அந்தக்கா எந்திரிச்சிட்டாவன்னு நெனச்சுக்கிடுவேன். நடுவுல ரெண்டு நாளு வரல. மனசு கேக்காம பால்காரர்ட்ட கேட்டேன், சொரண்டைக்குப் போயிருக்காவன்னாரு. பெறவு பாத்தா, புகை கொறஞ்சுக்கிட்டே வருது. அன்னைக்கு கொழாயில சுத்தமா இல்ல. வென்டிலேட்டர்ல அடைச்ச சாக்கு வழியாக் கசியுது. செத்த நேரம் பாத்தேன். அதுவும் நின்னுட்டு. நீங்க துணி காயப்போட வெளிய வருவீய, வரல. லாட்ஜ் பாய்லர்ல எங்களுக்கு இது தெரியும்லா, புகை வெளிய வரலன்னா உள்ள யாரோ குடிச்சுக்கிட்டு இருக்காவன்னு அர்த்தம். அதான் குதிச்சுட்டேன்."

கண்ணைத் துடைக்கிறேன் என்று கரியை முகமெல்லாம் அப்பிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. எழுந்து போகும்போது படியில் அவளுடைய காலடித் தடம் கறுப்பாக வரிசையாக விழுந்திருந்தது. அதைக் கழுவ எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாரல்தான் கழுவிற்று.

தலைவலி அதற்குப் பிறகு வரவே இல்லை. ஆவணி பிறந்தது. மகன் வண்டி பிடிக்கவா என்று கேட்டான். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவன் கோபப்பட்டான். "தனியா இருந்தா ஒனக்கு நோவு வருதும்மா" என்றான். நோவு குழாயில் இருந்தது, அதை எடுத்தாச்சு என்றேன். ஆனால் அவனிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். தலைவலி போனதே தவிர, தனிமை போகவில்லை. விஷத்தின் பழியை அதன்மேல் போட்டிருந்தேன், அந்தப் பழி நீங்கிய பிறகும் அது வீட்டைவிட்டுப் போகாமல் நாலு அறையிலும் அப்படியேதான் இருந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு இன்னமும் வணக்கம் சொல்கிறேன். தலையில் வலியில்லாமல் பார்க்கும்போது, அதோடு குடித்தனம் நடத்த முடியும் என்று மட்டும் தெரிந்தது.

புரட்டாசியில் சீசன் முடிந்து லாட்ஜைப் பூட்டினார்கள். புனலூர்ப் பக்கம் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் போனாள். கொஞ்ச நாள் போனில் பேசினோம். தை மாதம் ஒருநாள் கூப்பிட்டபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அடுத்த சீசனுக்கு லாட்ஜில் வேறு யாரோ வந்தார்கள். அவர்கள் விரிப்பும் பறந்து வந்து விழுகிறது. நான் மடித்து வைத்துக் கூப்பிட்டுக் கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை கயிறும் நாருமாக நானே குழாயைத் தேய்க்கிறேன், கூரை ஏறிக் கயிற்றின் மேல்நுனியைப் பிடிக்க மட்டும் ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். காலையில் மூட்டியதும் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்ப்பேன், புகை தடையில்லாமல் ஏறுகிறதா என்று. அது தெரிந்துவிட்டால் உள்ளே போகலாம். ஆனால் உடனே போக மாட்டேன். எனக்கு ஒருவருமில்லை என்று நான் அழுதுகொண்டிருந்த அந்த மூன்று வாரமும், பேர்கூடக் கேட்காமல் நான் திட்டி அனுப்பிய ஒருத்தி, ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே என் வீட்டுப் புகைக்காகக் காத்து நின்றிருக்கிறாள் என்பதை நினைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சாரலில் நனைந்தபடி அப்படியே நிற்பேன்.